பின்சக்கரத்துக்கு ஒரு பீங்கான் புஷ்

பழமலைநாதனின் வண்டிப் பின்சக்கரத்தில் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பீங்கான் இருந்த விவரம், ரோட்டில் விழுந்து எழுந்த பிறகுதான் அவன் மனைவி வேல்விழிக்குத் தெரியவந்தது.

திங்கட்கிழமை காலை. மாசிப் பனி முந்திரித் தோப்புகளின் மேல் இன்னும் கலையாமல் கிடந்தது. இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் ஒரு வேகத்தடை. ஏறும்போது ஒற்றுமையாக ஏறிய சக்கரங்கள் இறங்கும்போது கருத்து வேறுபாடு கொண்டன. பின்னால் 'களுக்' என்று ஒரு சத்தம். சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிரேக் தானாகப் பிடித்தது. வேல்விழி தானாக இறங்கினாள். அவளுடைய முழங்கையும் சோற்றுப் பையும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.

எழுந்து உட்கார்ந்தவள் ரோட்டில் வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். பல் போய்விட்டது என்று நினைத்து வாய்க்குள் விரலை விட்டு எண்ணினாள். எல்லாம் இருந்தன.

"என்னாங்க இது?"

"பீங்கான்."

"அது தெரியுது. நான் என்னா கோழிமுட்டன்னா சொன்னன்? இது எங்கேருந்து வந்துச்சு?"

நாதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். பதில் சொல்ல வேண்டிய நேரங்களில் அவன் எதற்குப் பக்கத்திலாவது குந்திக்கொள்வது வழக்கம்.

"வண்டியிலேருந்துதான்."

"வண்டியில பீங்கான் எப்படி வந்துச்சு?"

"நேத்து நான்தான் போட்டன்."

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பின் டயர் பஞ்சர். நாதன் சக்கரத்தைக் கழற்றி, கழற்றிய சாமான்களை எல்லாம் வாசலில் ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனான். திரும்பி வந்து மாட்டும்போது ஒரு புஷ்ஷைக் காணவில்லை. சக்கரத்தின் பிரேக் தட்டுக்கும் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற பின் கவைக்கும் நடுவில் அச்சில் கோத்து நிற்கிற குட்டை இரும்புக் குழாய் அது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அது இல்லையென்றால் சக்கரம் தன் இடத்தில் நிற்காது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் நாளைக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்திருப்பான். நாதன் விருத்தாசலத்துக்காரன். பீங்கான் கம்பெனியில் மின்சாரப் பீஸ் கட்டையும் ஹீட்டர் வளையமும் அச்சில் அழுத்துகிறவன். வீட்டுக்குப் பின்னால் உடைசல் குவியல் ஒன்று வைத்திருந்தான். அதில் கிளறியபோது கிட்டத்தட்ட அதே கனத்தில், அதே உயரத்தில் ஒரு வளையம் கிடைத்தது. துணி துவைக்கிற கல்லில் அரை மணி நேரம் தேய்த்தான். அச்சில் கோத்துப் பார்த்தான். கச்சிதம். தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்குக் கச்சிதம்.

"ஆயிரத்து எரநூறு டிகிரியில வெந்த மாலுடி அது" என்றான் இப்போது, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே. "இரும்பு அந்தச் சூட்ல கொழகொழத்துப் போயிடும்."

"நாம என்னா வண்டிய சூளைக்குள்ளாறயா ஓட்டிக்கிட்டுப் போறோம்?"

சக்கரம் சுற்றவில்லை. அவன் முன்னால் பிடித்துத் தள்ள, அவள் அடிபடாத கையால் பின்பக்கத்தைத் தூக்கிக்கொள்ள, வேலைக்குப் புறப்பட்டவர்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார்கள். வழியில் வேல்விழி "ஒரு மணிக்கு மாமாவுக்கு மிஷினு" என்றாள். "தெரியும்" என்றான் நாதன்.

*

மாமா என்பது நாதனின் அப்பா ராஜமாணிக்கம். கம்பெனிச் சூளையில் தீ பார்த்தவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டு நின்றுவிட்டதால் திங்களும் வியாழனும் விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய், மிஷினில் சுத்தமாகித் திரும்ப வரும். ஊசி குத்துவதற்காக இடது கையில் ஒரு நரம்பைத் தைத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். காதை வைத்துக் கேட்டால் உள்ளே உர்ரென்று ஓடும். அந்தக் கையால் ஒரு சொம்புகூடத் தூக்கக்கூடாது. சொம்பைத் தூக்கியும் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் அவருக்கு. மருந்து, காப்பி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கிலேயே அடக்கம்.

ஒரு மணிக்குப் படுக்கையில் இல்லையென்றால் அந்த மிஷினில் அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள். தப்பு சொல்ல முடியாது, ஆள் காத்திருக்கிறது. போன மாதம் ஒரு முறை தவறிப்போனபோது மறுநாள் ராத்திரி பூராவும் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு விட்டார். படுத்தால் தண்ணீரில் முக்கினமாதிரி இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு நாதனும் வேல்விழியும் எதைத் தவறவிட்டாலும் அந்த ஒரு மணியைத் தவறவிடுவதில்லை.

வீட்டு வாசலில் வேப்பமர நிழலில், கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் சுரைக்காய்மாதிரி வீங்கியிருந்தன. தள்ளிக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மருமகள் முழங்கையில் ரத்தத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"ஏம்மா, என்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. உழுந்துட்டன்."

"எப்படி உழுந்த?"

"ஒங்க மொவன் வண்டிக்குப் பொம்ம சாமான் போட்டிருக்குது."

நாதன் நடந்ததைச் சொன்னான். பெரியவர் கேட்டுக்கொண்டார். வழக்கமாக எந்தக் காரியத்துக்கும் மூன்று யோசனை சொல்லுகிறவர். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டாலும் அதில் அவருக்கு ஒரு கருத்து இருக்கும். இன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

வேல்விழி உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். பாதியில் வாசல் வழியாக மாமா தன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பி நின்றுகொண்டு மீதியைக் குடித்தாள். பிறகு முழங்கையைக் கழுவி, மஞ்சள் வைத்து, பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டாள். அவள் இன்னொரு கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். வலது முழங்கை. கை நடுங்கினால் பிள்ளையார் ஒன்றரைக் கண்ணாகிவிடும்.

அடுப்பில் சுரைக்காய் வெந்தது. வேக வைத்த தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேக வைத்து, மறுபடி கொட்டி, அதிலிருந்த சத்து, ருசி, மணம் எல்லாவற்றையும் வெளியேற்றிய பிறகு பெரியவருக்குப் பரிமாற வேண்டும். உப்பு கிடையாது. வாசலில் நாதன் போனில் கத்திக்கொண்டிருந்தது கேட்டது.

முதலில் ஆட்டோக்காரர். மாசி மகத் திருவிழா, பாலக்கரையிலிருந்து வண்டி நகரவில்லை, சாயங்காலத்துக்கு மேல் பார்க்கலாம் என்றார். இரண்டாவது ஆட்டோக்காரர் போனை எடுத்து மேளச்சத்தத்தை மட்டும் கேட்க வைத்துவிட்டு வைத்துவிட்டார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பூட்டு. பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "எம் மொவன் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு தேரு பாக்கப் போயிட்டாம்ப்பா. பெத்தவ போன் பண்ணா எடுக்க மாட்டங்கறான். நீ பண்ணிப் பாரு" என்றாள். நாதன் பண்ணினான். அதையும் எடுக்கவில்லை.

கடைசியாக மெக்கானிக் செந்தமிழன். எடுத்த உடனே பறைச் சத்தம்.

"தமிழு, எங்கடா இருக்குற? நீயும் தேருலயா?"

"சாவுல இருக்கறன் மாப்ள. திட்டக்குடி. எம் பொண்டாட்டியோட பெரியப்பா."

"அடடா. எப்படிடா?"

"வயசுதான். நீ என்னா, சொல்லு."

நாதன் சொன்னான். பீங்கான் வரும் இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

"இன்னொரு தரம் சொல்லு. என்னா வெச்ச?"

"பீங்கான் வளையம்டா. அளவு சரியா இருந்துச்சு."

"அளவு சரியா இருந்தா வெல்லத்தக்கூட வெப்பியா? அது அதிர்ச்சி தாங்குமாடா? மாப்ள, சாவு வூட்ல சிரிக்க வெக்காத, எல்லாரும் பாக்கறாங்க."

"சிரிக்கறத அப்பறம் சிரி. அப்பாவுக்கு ஒரு மணிக்கு மிஷினு."

பறை தூரமானது. செந்தமிழன் தள்ளிப் போய் நின்றுகொண்டான் போலிருக்கிறது.

"சரி, கேளு. சக்கரத்தக் கழட்டி மறுபடி மாட்டு, நான் சொல்லிக் குடுக்கறன். ஆனா அந்த இரும்பு புஷ்ஷு இல்லாம ஒண்ணும் ஆவாது. துணி சுத்தறன், கட்ட வெக்கறன்னு எதுனா பண்ணுன, இந்தத் தடவ அப்பாவே உழுவாரு. மொதல்ல அதத் தேடு. எங்க போவும் அது? அது என்னா கோழிக்குஞ்சா, நடந்து போறதுக்கு?"

*

தேடினார்கள். சாக்கை உதறினார்கள். வாசல் மண்ணைக் கையால் அரித்தார்கள். தங்கம்மாள் சல்லடையோடு வேலியைத் தாண்டி வந்து, மண்ணைச் சலித்துப் பார்த்தாள். ஒரு சைக்கிள் போல்ட்டும், ஒரு கொலுசுத் திருகும், காணாமல் போன தன் ஊக்கு ஒன்றும் கிடைத்தன.

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்குமோ?" என்றாள்.

"காக்காவுக்கு எதுக்குக்கா புஷ்ஷு?" என்றான் நாதன்.

"ஒனக்கு எதுக்குப் பீங்கானு? அதது புத்தி."

வெயில் ஏறிவிட்டது. காலையில் பனி பெய்த அதே இடத்தில் இப்போது செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. வேல்விழி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓலைக் கூடையைத் தூக்கிப் பார்த்தாள், கோழிப் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் மாமனார் நாற்காலிக்கு எதிரில் வந்து மண்டியிட்டாள். முழங்கைத் துணியில் ரத்தம் மறுபடி ஊறியிருந்தது.

"மாமா, கால கொஞ்சம் தூக்குங்க."

அவர் தூக்கினார். தூக்குவதற்குக் கையால் தொடையைப் பிடித்து உதவி செய்ய வேண்டியிருந்தது. அவள் குனிந்து நாற்காலிக்கு அடியில் துழாவினாள்.

"அங்க இல்லம்மா" என்றார்.

"பாத்துட்டீங்களா?"

"அங்க இல்ல. கை வலிக்கும், எந்திரி."

"பின்ன எங்கதான் இருக்குது?"

ராஜமாணிக்கம் வேட்டி மடிப்பை அவிழ்த்தார். ஒரு துணி முடிச்சு. அதைப் பிரித்தார். கிரீஸ் கறை படிந்த அந்தக் குட்டை இரும்புக் குழாயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து நீட்டினார்.

"இங்க இருக்குது."

சல்லடை நின்றது. நாதன் எழுந்து வந்தான். வாங்கிப் பார்த்தான். அதே புஷ்தான். தங்கம்மாள் "அடுப்புல பாலு" என்று சொல்லிவிட்டு வேலிக்கு அந்தாண்ட போனாள். அவர்கள் வீட்டில் மாடும் இல்லை, பாலும் இல்லை.

"அப்பா, ஒனக்கு எதுனா புத்தி பெசகிப் போச்சா?"

"இல்லடா."

"நான் நேத்து அந்தி மட்டும் தேடறன். நீ இங்கயே ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கற. மடியில வெச்சிக்கிட்டு பாத்துக்கிட்டு இருக்கற!"

"வண்டி இல்லன்னா போவ முடியாதுல்ல. அதுக்குத்தான் எடுத்தன். நீ போயி பீங்கான மாட்டுவன்னு நான் கண்டனா? எவனாச்சும் மாட்டுவானா?" அவர் மருமகள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "நீ உழுவன்னு நெனைக்கலம்மா. சத்தியமா நெனைக்கல."

"எதுக்கு மாமா எடுத்தீங்க?" என்றாள் வேல்விழி. அவள் இன்னும் தரையிலேயே இருந்தாள்.

அவருக்கு மூச்சு கொஞ்சம் இழுத்தது.

"சூளையில வேல பாத்தன். நெருப்புக்கு முன்னாடி. அங்கக்கூட நாயித்துக்கெழம லீவு உண்டு. பொங்கலுக்கு உண்டு. தீவாளிக்கு உண்டு. இந்தக் கருமத்துக்கு ஒரு நா லீவு கெடயாதாம்மா? திங்க வந்தா குத்து, வியாழன் வந்தா குத்து. ஊரே தேரு பாக்கப் போவுது. ஒரே ஒரு நா போவாம, இந்த மரத்தடியில சும்மா ஒக்காந்திருக்கலாம்னு பாத்தன். செத்துப்போவணும்னு இல்லம்மா. அப்படி நெனச்சிடாத. லீவு. அவ்ளோதான்."

"லீவு போட்டா அடுத்த நா மூச்சு நிக்கும்" என்றான் நாதன். "போன மாசம் பாத்தல்ல?"

"பாத்தன்."

"பாத்துட்டும் எடுத்தியா?"

"பாத்துட்டும்தான் எடுத்தன். என்னா பண்ணச் சொல்ற?"

நாதன் கையிலிருந்த ஸ்பேனரைச் சாக்கின் மேல் விட்டெறிந்தான். அது ஒரு கோழியைத் துரத்திவிட்டு நின்றது. வேல்விழி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். முகத்தில் கோபம் இல்லை. தூக்கம் போதாதவர்களின் முகம்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டா? போன வாரம் வியாழக்கெழம. பொம்மைக்கிப் பாதிக் கண்ணு எழுதிட்டு, மீதிய அப்படியே வுட்டுட்டு, பர்மிசன் சொல்லிட்டு ஓடியாறன். அன்னிக்கி நெனச்சன், இந்த வண்டி எங்கயாச்சும் கெட்டுப்போனா நல்லா இருக்குமேன்னு. ஒரே ஒரு நா. போவ முடியலன்னு சொல்லிட்டு வூட்ல படுத்துத் தூங்கலாமேன்னு. ஒங்களுக்கு என்னா ஆவும்ன்றது ஞாபகமே வரல. அப்பறமா வந்துச்சு."

பெரியவர் அவளையே பார்த்தார்.

"அதனால ஒங்கள நான் எதுவும் சொல்ல முடியாது" என்றாள். "நீங்க எடுத்தீங்க. நான் எடுக்கல. அதுதான் வித்தியாசம்."

நாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இந்த வூட்ல வண்டி கெட்டுப்போவணும்னு நெனைக்காத ஆளு நான் ஒருத்தன்தானா?"

"நீங்க எங்க நெனச்சீங்க" என்றாள் வேல்விழி. "நேரா பீங்கானயே மாட்டிட்டீங்க."

ராஜமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. இருமலில் மூச்சு முட்டி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். வேல்விழி முதுகைத் தடவினாள். மூச்சு திரும்புவதற்கு நேரமானது. நெஞ்சுக்குள் கஞ்சி கொதிப்பதுபோல ஒரு சத்தம். மூன்று பேரும் அதைக் கேட்டார்கள். அதற்குமேல் யாரும் லீவைப் பற்றிப் பேசவில்லை. நாதன் ஸ்பேனரை எடுத்து வந்தான்.

*

"கெடச்சிருச்சாடா? எங்க இருந்துச்சு?" என்றான் செந்தமிழன் போனில்.

"இங்கதான். நீ மேல சொல்லு."

போனை ஒரு செங்கல்லின் மேல் சாய்த்து வைத்தார்கள். நாதன் பிரேக் தட்டைக் கழற்றி, உள்ளே கறுப்பாகப் படிந்திருந்த தூசியை ஊதினான். இரண்டு பிரேக் ஷூவையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தான். தட்டைச் சக்கரத்தின் குடத்துக்குள் உட்கார வைத்தான். சக்கரத்தைக் கவைக்குள் தூக்கிப் பிடிக்க, வேல்விழி செயினைப் பல் சக்கரத்தின் மேல் எடுத்துப் போட்டாள். அச்சைச் செருகினான். நடுவில் புஷ்ஷைக் கோத்தான். அது உள்ளே போகும்போது ராஜமாணிக்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நட்ட இப்ப இறுக்காத. கையால திருகி வுடு, போதும்" என்றது போன். "தட்டுலேருந்து கவைக்கிப் போவுற இரும்புப் பட்டை இருக்குதா? அத மாட்டுனியா?"

"மாட்டிட்டன்."

"பின்னு போட்டியா?"

"போட்டன்."

"அதுதான்டா பிரேக்க ஓடாம புடிச்சிக்கறது. அத மறந்தீன்னா நீ அமுத்துற அமுத்துக்கு தட்டே சுத்திக்கும். நல்லா இறுக்கு அத! இன்னும் கொஞ்சம் இறுக்கு!"

அந்தப் பக்கத்தில் வேறு யாரோ, "இறுக்கிட்டம்ப்பா, இதுக்கு மேல இறுக்குனா மூங்கிலு ஒடஞ்சிரும்" என்றார்கள். செந்தமிழன் போனை மூடிக்கொண்டு ஏதோ சமாதானம் சொன்னான். திரும்ப வந்தபோது குரல் தணிந்திருந்தது. "பாட கட்டறாங்க மாப்ள. சீக்கிரம் முடிப்பம்."

அடுத்தது நேர் பார்ப்பது. கவையின் இரண்டு பக்கமும் கோடு போட்ட அளவு இருக்கும், இரண்டையும் ஒரே கோட்டில் வைக்க வேண்டும் என்றான் செந்தமிழன். நாதன் துடைத்துப் பார்த்தான். ஒரு பக்கம் கோடு இருந்தது. இன்னொரு பக்கம் துரு மட்டும் இருந்தது.

"அப்ப நூலு கட்டு. பின் டயருல பின்னாலேருந்து சுத்தி, ரெண்டு பக்கமும் முன் டயரு வரைக்கும் இழுத்துப் புடி. பின் டயர நூலு ஒட்டிக்கிட்டுப் போவணும். முன்டயருகிட்ட ரெண்டு பக்கமும் ஒரே சந்து இருக்கணும். ஒரு பக்கம் ஒட்டி, ஒரு பக்கம் எட்டி நின்னா சக்கரம் கோணல்."

பூக்கட்டுகிற நூல்தான் இருந்தது. வேல்விழி அதைக் கட்டி, முன்னால் போய்க் குந்தி, இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினாள். பொம்மைக்கு இரண்டாவது கண் எழுதுவதற்கு முன்னால் இப்படித்தான் பார்ப்பாள்.

"என் சோத்துக்கைப் பக்கம் ஒரு வெரலு போவுது. பீச்சாங்கைப் பக்கம் ஒட்டுது."

நாதன் ஒரு போல்ட்டைக் கால் சுற்று திருகினான்.

"இன்னும்."

திருகினான்.

"இருங்க, இருங்க. ஜாஸ்தியாயிருச்சு. இப்ப இந்தாண்ட ஒட்டுது."

"ஒனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?"

"எங் கண்ணு சரியாத்தான் இருக்குது. நேத்து ஒங்க கண்ணுக்குப் பீங்கான் இரும்பாத் தெரிஞ்சுதே, அந்தக் கத வேணாம்."

திருகினான். தளர்த்தினான். செயினைக் கீழிருந்து விரலால் தூக்கிப் பார்த்தான், இறுக்கமாக இருந்தது. மறுபடி தளர்த்தினால் நேர் போயிற்று. வியர்வை மூக்கு நுனியில் தொங்கிச் செயினில் விழுந்தது. தங்கம்மாள் வேலிக்கு மேல் நின்று, வண்டி நேராகத்தான் இருக்கிறது, ரோடுதான் கோணல் என்றாள். ஒரு வழியாக வேல்விழி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு தலையை ஆட்டினாள்.

"இப்பத்தான் முக்கியம்" என்றான் செந்தமிழன். "நட்ட இறுக்கும்போது ஒருத்தரு பிரேக்க நல்லா அமுத்திப் புடிச்சிக்கணும். அப்பத்தான் உள்ள ஷூ ரெண்டும் நடுவுல ஒக்காரும். இல்லன்னா ஒரு பக்கம் ஒரசும். நட்டு இறுகுற மட்டும் காலை எடுக்கக்கூடாது."

நாதன் நட்டில் இருந்தான். வேல்விழி நூலை விட்டால் நேர் நகர்ந்தது தெரியாது. தங்கம்மாளை நம்ப முடியாது, ரோட்டையே கோணல் என்கிறவள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியைப் பார்த்தார்கள்.

"நான் அமுத்தறன்" என்றார் ராஜமாணிக்கம்.

நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார்கள். வீங்கிய வலது காலைக் கையால் தூக்கிப் பிரேக் மிதியின் மேல் வைத்தார். அழுத்தினார்.

"வுட்றாதப்பா."

"வுடல. நீ இறுக்கு."

"கால் நடுங்குது."

"நடுங்கட்டும். நீ ஒன் வேலயப் பாரு."

நாதன் இரண்டு கையாலும் ஸ்பேனரில் தொங்கினான். நட்டு முனகிக்கொண்டே இறுகியது. பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "போதும்ப்பா" என்று மகன் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் காலை எடுக்கவில்லை. எடுத்தபோது மிதியின் வரிகள் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தன. அது எழும்பி வரவில்லை. அவ்வளவு தண்ணீர் உள்ளே நின்றது.

பிரேக் கம்பியின் நட்டைத் திருகி, சக்கரத்தைச் சுற்றிவிட்டான் நாதன். எங்கும் உரசாமல் சுற்றியது. மிதித்தான். நின்றது. விட்டான். சுற்றியது. போனை எடுத்து நன்றி சொல்லப் போனபோது அந்தப் பக்கத்தில் அழுகை பெரிதாக எழுந்தது. தூக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. நாதன் சத்தமில்லாமல் வைத்துவிட்டான்.

*

அப்பாவை நடுவில் உட்கார வைத்து, வேல்விழி பின்னால் ஏறினாள். ஏறுவதற்கு முன் குனிந்து சக்கரத்தை ஒரு முறை பார்த்தாள். இரண்டு கையாலும் மாமனாரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

மண்சாலை, தார்ச்சாலை, காலையில் விழுந்த வேகத்தடை. நாதன் அதில் நடந்து போகிறவன் வேகத்தில் ஏறி இறங்கினான். ஊருக்குள் நுழையும்போது எதிரே பொங்கல் கூடையும் பலூனுமாகக் கூட்டம். நேர் ரோட்டில் வழியில்லை. சந்துசந்தாகப் புகுந்து போனான்.

"நாதா" என்றார் ராஜமாணிக்கம் அவன் தோளுக்குப் பின்னால். மூச்சு ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நின்றது.

"என்னாப்பா?"

"ஆரன அடிடா. இவனுங்க நவுறவே மாட்டனுங்கறானுங்க. மிஷின வேற எவனுக்காச்சும் குடுத்துறப் போறாங்க."

நாதன் ஹாரனை அடித்துக்கொண்டே போனான். பலூன்காரர் ஒருவர் திட்டினார். பெரியவர் திரும்பி அவரை விடப் பெரிதாகத் திட்டப் பார்த்தார். மூச்சு வரவில்லை, கையை மட்டும் ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். "என்னாய்யா, திருவிழாவுக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்றாள். எடை பார்த்தாள். எடையைப் பார்த்து முகம் சுளித்தாள். கிரீஸ் கையோடு நின்ற நாதனையும், கட்டுப்போட்ட கையோடு நின்ற வேல்விழியையும் பார்த்து, யாருக்குச் சிகிச்சை என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பெரியவரை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். மற்ற நாட்களில் அவரை உள்ளே விட்டதும் ஆளுக்கு ஒரு கம்பெனிக்கு ஓடுவார்கள். சாயங்காலம் மறுபடி ஓடி வருவார்கள். இன்றைக்கு முழுநாள் வேலையும் போய்விட்டது. எங்கேயும் போக வேண்டியதில்லை. அப்படி ஒரு நிலைமையில் என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. நாதன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, செயினை விரலால் தூக்கிப் பார்த்தான்.

"அத வுடுங்க" என்றாள் வேல்விழி.

கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள். "ஊசி போட்டாச்சு. மூச்சு பரவாயில்ல. அவரு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் இங்க நிக்கக்கூடாதாம். தேரு பாத்துட்டு வரணுமாம். நிக்கறீங்களான்னு என்னையே போயிப் பாத்துட்டு வரச் சொல்றாரு. எனக்கு வேல இல்லன்னு நெனச்சிட்டாரு."

"போறோம்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் வேல்விழி. "அப்பறம், அவரு கையில எட்ற மாதிரி மிஷினு சாமான் எதுவும் வெக்காதீங்க."

நர்ஸுக்குப் புரியவில்லை. கதவு மூடியது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். வெயிலில் தெருமுனை வரைக்கும் வந்தார்கள். அங்கே ஒரு டீக்கடை, வெளியே ஒரு பெஞ்சு. வேல்விழி கொஞ்சம் உட்காரலாம் என்றாள். நாதன் இரண்டு டீ சொல்லி, கையைக் கழுவப் போனான். கிரீஸ் போகவில்லை. திரும்பி வந்தபோது அவள் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேளம் கிட்டே வந்தது. கடைக்காரர், பெஞ்சில் இருந்தவர்கள், எல்லோரும் எழுந்து தெருமுனைக்கு ஓடினார்கள். "தேரு திரும்புதுப்பா, வா, வா" என்று யாரோ நாதனையும் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கையை விடுவித்துக்கொண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கத்தில் சரிந்த தலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு, அசையாமல் இருந்தான். அவளுடைய டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.